மஃரிப் நேரத்தில் கிடைத்த ஆட்சி: ஷேர்ஷா சூரியின் ஐந்து ஆண்டுகள்



சாமளாபுரம், சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று இந்தப் பக்கத்தில் வாழும் நமக்குத் தேதி என்றாலே ஒரு பயம் உண்டு. தறி ஓட்டுகிறவருக்குப் பாவு வந்த நாளிலிருந்து துணி கொடுக்க வேண்டிய நாள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு ஷிப்மென்ட் தேதி. நூல் வருவதில் இரண்டு நாள், சாயப்பட்டறையில் மூன்று நாள், பிரிண்டிங்கில் இரண்டு நாள் என்று ஒவ்வோர் இடத்திலும் நழுவிய நாட்கள் எல்லாம் கடைசியில் செக்கிங், பேக்கிங் செய்கிறவர்களின் தலையில் வந்து விழும். அப்புறம் இரவு முழுக்க வேலை. அப்படியும் முடியாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தக் கூலி, ஓர் ஆர்டரின் லாபத்தை அப்படியே தின்றுவிடும்.

இந்தத் தேதிகளாவது முன்கூட்டியே காகிதத்தில் எழுதி நம் கைக்கு வருகின்றன. எந்தக் காகிதத்திலும் வராத ஒரு கடைசித் தேதியும் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தத் தேதி தெரியாமலேயே, குறைந்த காலத்தில் மலைக்க வைக்கும் அளவு வேலையை முடித்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவரை நமக்கு ஏற்கெனவே தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது நம் வாயில் வரும் ரூபாய் என்ற சொல்லுக்கு உரிய வெள்ளி நாணயத்தை நிலைப்படுத்தியவர் அவர்தான். நம் கம்பெனிகளிலும் தறிக் குடோன்களிலும் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பீகார் தம்பிகளைக் கேட்டால், சசாராம் என்ற ஊரின் பெயரைச் சொல்வார்கள். அந்த ஊரில் வளர்ந்து, அந்த ஊரிலேயே அடக்கமாகியிருப்பவர் ஷேர்ஷா சூரி. டெல்லி அரியணையில் அவர் இருந்தது 1540 முதல் 1545 வரை. வெறும் ஐந்து ஆண்டுகள்.

வீட்டில் இடம் இல்லாத பிள்ளை

அவருடைய இயற்பெயர் ஃபரீத் கான். பிறந்த ஆண்டை 1472 என்று சிலரும், 1486 என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். பாட்டனார் இப்ராஹீம் கான் சூர், ஆப்கானிய மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இந்தியா வந்தவர். தந்தை ஹசன் கான், ஜான்பூர் ஆளுநரிடம் பணியாற்றி, சசாராம், கவாஸ்பூர் ஆகிய பகுதிகளை ஜாகீராகப் பெற்றார். குதிரைப் படை வைத்துப் பராமரிக்க வேண்டும், அதற்கு ஈடாக அந்த நிலங்களின் வருவாயை எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு.

ஹசன் கானுக்கு எட்டு ஆண் மக்கள். மனைவியரும் பலர். இளைய மனைவியின் பேச்சுக்கே வீட்டில் மதிப்பு என்பதால், ஃபரீதும் அவருடைய தாயும் ஒதுக்கப்பட்டார்கள். மனம் வெறுத்த ஃபரீத் ஜான்பூருக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஜான்பூர் கல்விக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே அரபியும் பாரசீகமும் கற்றார். சஅதியின் நூல்களையும் அரசர்களின் வரலாறுகளையும் ஊன்றிப் படித்தார்.

மகனின் திறமையை உறவினர்கள் எடுத்துச் சொல்ல, தந்தை அவரை அழைத்து ஜாகீரின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். போனதும் ஃபரீத் செய்த முதல் காரியம், குடியானவர்களையும் ஊர்த் தலைவர்களையும் கணக்கர்களையும் ஒன்றாக அழைத்து உட்கார வைத்ததுதான். நிலத்தை அளந்தே வரி போடுவது என்று முடிவு செய்தார். பணமாகக் கொடுப்பதா, தானியமாகக் கொடுப்பதா என்பதைக் குடியானவரே தேர்ந்துகொள்ளலாம். வரி வசூலிக்க வருகிறவருக்கு எவ்வளவு கூலி, அளக்க வருகிறவருக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே நிர்ணயித்தார். வரியை விதிக்கும்போது தாராளமாக இருக்க வேண்டும், விதித்த பிறகு தவணை தவறக் கூடாது என்பது அவர் கடைப்பிடித்த முறை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். பிற்காலத்தில் வட இந்தியா முழுவதும் அவர் நடைமுறைப்படுத்திய நில அளவை, வரி, பட்டா எல்லாம் சசாராமின் இந்த வயல்களில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. அரியணை ஏறிய பிறகு என்ன செய்யலாம் என்று அவர் யோசிக்கத் தொடங்கவில்லை. செய்ய வேண்டியது கைப்பழக்கமாகவே இருந்தது. ஐந்து ஆண்டுகளில் எப்படி முடிந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

ஆனாலும் வீட்டுச் சண்டை ஓயவில்லை. இளைய மனைவியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, நன்றாக நடந்துகொண்டிருந்த நிர்வாகத்தை மகனிடமிருந்து தந்தை பறித்தார். ஃபரீத் ஆக்ராவுக்குப் போனார். தந்தை இறந்த பின் ஜாகீரை மீண்டும் பெற்றார். பீகாரை ஆண்ட பஹார் கான் லோஹானியிடம் பணியில் சேர்ந்தபோது, வேட்டையில் ஒரு புலியைக் கொன்றதற்காக ஷேர் கான் என்ற பட்டம் கிடைத்தது. கொஞ்ச காலம் முகலாயர் பாபரின் படையிலும் இருந்தார். அந்தப் படையின் பலத்தையும் பலவீனத்தையும் உள்ளிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். 1530ஆம் ஆண்டுவாக்கில் சுனார் கோட்டையும், 1534ஆம் ஆண்டில் சூரஜ்கர் போர் வெற்றியும் அவரைக் கிழக்கிந்தியாவின் பெரிய சக்தியாக்கின.

இருவருக்கும் ஒரே நாட்காட்டி

அவருக்கு எதிரே இருந்தவர் பாபரின் மகன் ஹுமாயூன். படித்தவர், இளகிய மனம் கொண்டவர். நேரத்தைப் பகுத்து வைப்பதில் அவருக்கும் ஆர்வம் உண்டு. வாரத்தின் ஏழு நாட்களையும் கிரகங்களின் அடிப்படையில் பிரித்திருந்தார். ஞாயிறும் செவ்வாயும் அரசு அலுவல்களுக்கு. சனியும் வியாழனும் அறிஞர்களுக்கும் இறைபக்தி மிக்கவர்களுக்கும். திங்களும் புதனும் கேளிக்கை அவைகளுக்கு. அந்தந்த நாளின் கிரகத்துக்கேற்ற நிறத்தில் உடை அணிவதும் வழக்கம். அவருடைய அவையில் இருந்த வரலாற்றாசிரியர் குவாந்தமீர் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

1538இல் ஷேர் கான் வங்காளத்தின் தலைநகரான கௌர் நகரைப் பிடித்தார். ஹுமாயூன் பெரும்படையோடு அங்கே வந்தபோது, ஷேர் கான் கருவூலத்தை ரோத்தாஸ் மலைக்கோட்டைக்கு நகர்த்திவிட்டு விலகியிருந்தார். வெறும் நகரம் ஹுமாயூன் கைக்கு வந்தது. அதன் அழகில் மயங்கி ஜன்னத்தாபாத் என்று பெயரிட்டார். மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார். மழையும் நோயும் படையைக் கரைத்தன. குதிரைகள் செத்தன. ஆக்ராவில் தம்பி ஹிந்தால் தன்னையே அரசராக அறிவித்துக்கொண்டார்.

அதே மாதங்களில் ஷேர் கான் என்ன செய்தார்? பனாரஸைப் பிடித்தார். ஜான்பூரை முற்றுகையிட்டார். வங்காளத்துக்கும் ஆக்ராவுக்கும் இடையிலான பாதைகளை அடைத்தார். ஹுமாயூன் விழித்துக்கொண்டு திரும்பக் கிளம்பியபோது, திரும்பும் வழி முழுவதும் ஷேர் கானிடம் இருந்தது.

இரு படைகளும் பக்ஸருக்கு அருகில், கங்கையோடு கர்மநாசா ஆறு சேரும் சௌசாவில் எதிரெதிரே முகாமிட்டன. ஏறக்குறைய மூன்று மாதங்கள் அப்படியே நின்றன. அந்த நாட்களில் ஹுமாயூன் அனுப்பிய தூதர் ஷேர் கானைத் தேடிப் போனபோது, கடும் வெயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்வெட்டியோடு வீரர்களுடன் சேர்ந்து அகழி வெட்டிக்கொண்டிருந்தாராம். தூதரைக் கண்டதும் கை கழுவி, வெறும் தரையிலேயே உட்கார்ந்து பேசினாராம்.

மழைக்காலம் எப்போது வரும், முகலாய முகாம் இருக்கும் தாழ்வான இடத்தில் தண்ணீர் எப்போது ஏறும் என்பதெல்லாம் அந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தெரியும். அதுவரை பொறுத்தார். 1539 ஜூன் 26 அன்று விடியும் முன் தாக்கினார். ஹுமாயூனின் படை ஆற்றில் சிதறியது. அடுத்த ஆண்டு 1540 மே 17 அன்று கன்னோஜ் அருகே நடந்த போரில் முகலாய ஆட்சி முற்றாக வீழ்ந்தது. சௌசா வெற்றிக்குப் பிறகே ஷேர்ஷா என்ற பட்டத்தை ஏற்றிருந்த ஷேர் கானின் கைக்கு டெல்லி அரியணை வந்தது.

சௌசாவில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் தாக்கினார் என்ற குறை வரலாற்றில் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

நாளின் கணக்கு

அரியணை ஏறியபோது ஷேர்ஷா ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். கண்ணாடியில் தம் நரைத்த தாடியைப் பார்க்கும்போதெல்லாம், மஃரிப் நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறதே இந்த ஆட்சி என்று வருந்துவார் என வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. மஃரிப் வக்து எவ்வளவு குறுகியது என்று தொழுகிற நமக்குத் தெரியும். கொஞ்சம் அசந்தால் இஷாவின் இருட்டு வந்துவிடும்.

அந்த வருத்தம் அவரை முடக்கிப் போடவில்லை. அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அப்பாஸ் கான் சர்வானி எழுதிய வரலாறு விவரிக்கிறது. இரவில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் எழுந்துவிடுவார். குளித்து, தஹஜ்ஜுத் தொழுது, திக்ருகளை முடிப்பார். பிறகு, ஊர் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே ஒவ்வொரு துறையின் கணக்கையும் கேட்பார். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுகளை எழுத்தர்கள் அப்போதே எழுதிக்கொள்வார்கள். பகலில் திரும்பத் திரும்ப வந்து கேட்கும் அவசியம் அவர்களுக்கு இருக்காது.

பஜ்ர் ஜமாஅத்தாகத் தொழுத பின் அதிகாரிகளைச் சந்திப்பார். மக்களின் முறையீடுகளைக் கேட்பார். இஷ்ராக் தொழுகைக்குப் பின் படையைப் பார்வையிடுவார். புதிதாகச் சேருகிறவரின் அங்க அடையாளங்களை எழுத வைத்து, குதிரைக்குச் சூடு போடச் செய்து, தாமே பார்த்துச் சம்பளம் நிர்ணயிப்பார். அடுத்துக் கருவூலக் கணக்கு. பிறகு உலமாக்களோடு அமர்ந்து உணவு. நண்பகலில் சிறிது ஓய்வு. ளுஹர் தொழுது, குர்ஆன் ஓதி, மீண்டும் அரசுப் பணி.

இந்த அட்டவணையில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, நாளின் தூண்களாகத் தொழுகை வக்துகள் நின்றன. வேலைகள் அவற்றுக்கு இடையில் பொருத்தப்பட்டன. இரண்டாவது, மிகக் கடினமான வேலையான கணக்கு, மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில், யாரும் வந்து இடைமறிக்காத நேரத்தில் நடந்தது. மூன்றாவது, ஓய்வுக்கும் அதில் இடம் இருந்தது. ஹுமாயூனின் அட்டவணை கிரகங்களைப் பார்த்துப் போடப்பட்டது. ஷேர்ஷாவின் அட்டவணை காத்திருக்கும் வேலையைப் பார்த்துப் போடப்பட்டது.

ஒரே நேரத்தில் தொடங்கப்பட்ட வேலைகள்

1540இல் அரியணை. 1541ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஓராண்டில் மட்டும் நடந்தவற்றைப் பாருங்கள். மேற்கே ஜீலம் அருகில் புதிய ரோத்தாஸ் கோட்டைக்கு அடித்தளம். கிழக்கே வங்காளத்தில் ஆளுநர் கிஸ்ர் கான் தனி அரசர்போல் நடக்கிறார் என்று தெரிந்ததும் நேரில் சென்று அவரை நீக்கினார். ஒரே ஆள் கையில் மொத்த மாகாணத்தையும் கொடுத்ததால் வந்த வினை இது என்று புரிந்து, வங்காளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, மேலே ஒரு காஜியை மேற்பார்வையாளராக வைத்தார். திரும்பும் வழியில் பாட்னாவில் கங்கைக் கரையில் நின்று பார்த்து, இங்கே ஒரு கோட்டை கட்டினால் இந்த ஊர் வளரும் என்று கணித்து வேலையைத் தொடங்கி வைத்தார். டெல்லி பழைய கோட்டைக்குள் இருக்கும் கிலா இ குஹ்னா பள்ளிவாசலும் அதே ஆண்டில் எழுந்தது.

சாலைகள் அவருடைய பெரிய நினைவுச் சின்னம். வங்காளத்தின் சோனார்காவிலிருந்து சிந்து நதி வரை ஒரு சாலை. ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூருக்கு ஒன்று. ஆக்ராவிலிருந்து ஜோத்பூர், சித்தூர் பக்கம் ஒன்று. லாகூரிலிருந்து முல்தானுக்கு ஒன்று. பழைய தடங்கள் பல இடங்களில் முன்பே இருந்தன. அவற்றைச் செப்பனிட்டு, இணைத்து, இருபுறமும் நிழல் மரங்கள் நட்டு, இரண்டு கோஸ் தொலைவுக்கு ஒரு சராய் கட்டினார். ஒரு கோஸ் என்பது ஏறக்குறைய 3 கிலோமீட்டர். மொத்தம் 1,700 சராய்கள் என்கிறார் சர்வானி. ஒவ்வொன்றிலும் முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனி இடம், ஹிந்துக்களுக்குச் சமைக்கப் பிராமணர், ஒரு கிணறு, ஒரு பள்ளிவாசல், இமாமும் முஅத்தினும், செய்தி கொண்டு போக இரண்டு குதிரைகள். அந்தக் குதிரைகளால்தான் வங்காளத்துச் செய்தியும் சிந்துக் கரைச் செய்தியும் அவருக்கு விரைவாக வந்து சேர்ந்தன.

1,700 சராய்களையும் ஓர் அரசர் போய் நின்று கட்ட முடியாது. ஒரு சராய்க்கு என்னென்ன வேண்டும் என்ற அளவை ஒருமுறை தெளிவாக நிர்ணயித்தார். அதன் பிறகு ஆங்காங்கே உள்ளவர்கள் அதே அளவில் கட்டிக்கொண்டே போனார்கள். பையர் ஒரே ஒரு சாம்பிளை ஒப்புக்கொண்டால், பத்து இடங்களில் ஒரே மாதிரி பனியன் தைக்க முடிகிறதல்லவா? கிட்டத்தட்ட அதே வேலைமுறைதான். நிர்வாகத்திலும் அப்படியே. ஒவ்வொரு பர்கனாவிலும் ஒழுங்கைக் காக்க ஒரு ஷிக்தார், நிலவரிக்கு ஓர் அமீன், ஒரு பொருளாளர், பாரசீகத்தில் ஒருவரும் ஹிந்தியில் ஒருவருமாக இரண்டு எழுத்தர்கள். இவர்களை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றினார். குடியானவருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று எழுதிய பட்டா கையில் கொடுக்கப்பட்டது. ஒப்புக்கொண்டதற்கு அவரிடமிருந்து கபூலியத் எழுதி வாங்கப்பட்டது. 178 கிரெய்ன், அதாவது சுமார் 11.5 கிராம் எடையுள்ள வெள்ளி ரூபியா, செம்பு தாம் என்று நாணயங்கள் ஒழுங்குக்கு வந்தன.

ஆள் கிடைக்காமல் திண்டாடும் நம் தொழில்காரர்களுக்கு ரோத்தாஸ் கோட்டையின் கதை பிடிக்கும். அந்தப் பகுதியில் வாழ்ந்த கக்கர் இனத்தார், இந்தக் கோட்டைக்கு யாரும் கூலி வேலைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். பொறுப்பிலிருந்த தோடர்மால் நிலைமையை எழுதி அனுப்பினார். செலவைப் பார்க்காதே, வேலை நிற்கக் கூடாது என்ற பொருளில் ஷேர்ஷாவிடமிருந்து பதில் வந்தது. தோடர்மால் கல் ஒன்றுக்கு ஒரு பொற்காசு என்று கூலியை ஏற்றினாராம். கட்டுப்பாட்டை மறந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டம் கூடக் கூடக் கூலி படிப்படியாக இறங்கி, வழக்கமான அளவுக்கு வந்ததாம். சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலோடு அந்தக் கோட்டை இன்றும் பாகிஸ்தானில் நிற்கிறது. 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அவசரத்தில் விழுந்த கறை

ஷேர்ஷாவின் வேகத்தைப் போற்றும்போது ராய்சேன் கோட்டையை மறைக்கக் கூடாது. 1543இல் அந்தக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. கடைசியில், உயிருக்குப் பாதுகாப்பு உண்டு என்று வாக்குக் கொடுக்கப்பட்டு, பூரண்மால் தன் குடும்பத்தோடும் வீரர்களோடும் வெளியே வந்தார். வந்தவர்கள் சுற்றி வளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பூரண்மாலுக்கு எதிராக வந்த முறையீடுகளை முன்வைத்து அதை நியாயப்படுத்தியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். அமானிதத்தைப் பேணச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இதைச் சரி என்று சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு ஆட்சியின் மேல் படிந்த பெரிய கறை இது. முடித்தாக வேண்டும் என்ற வெறி வாக்கை மிதிக்கும் இடத்துக்குப் போகுமானால், நேரத்தோடு முடித்ததில் என்ன பெருமை?

காலிஞ்சர்

1544 ஜனவரியில் மார்வார் நாட்டில், சமேல் என்ற இடத்தில் கடும் போர். வெற்றி கிடைத்தது, ஆனால் மயிரிழையில். அந்த ஆண்டின் இறுதியில் புந்தேல்கண்டின் காலிஞ்சர் கோட்டையை முற்றுகையிட்டார். ஆறேழு மாதங்கள் போயின. 1545 மே 22 அன்று, எரிகுண்டுகளைக் கோட்டைக்குள் வீசும் வேலையை அவர் நேரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குண்டு மதிலில் பட்டுத் திரும்பி வந்து, குவித்து வைத்திருந்த மற்ற குண்டுகளின் மேல் விழுந்தது. எல்லாம் வெடித்தன. ஷேர்ஷாவின் உடல் கருகியது.

கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். நினைவு திரும்பும் போதெல்லாம் தாக்குதலை நிறுத்த வேண்டாம் என்று கட்டளையிட்டார். வந்து பார்த்த தளபதிகளையும் போர்முனைக்கே போகச் சொன்னார். மாலையில் கோட்டை விழுந்த செய்தி வந்தது. இறைவனைப் புகழ்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

முடிந்தவையும் முடியாதவையும்

சசாராமில் ஒரு பெரிய குளத்தின் நடுவே ஷேர்ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. எண்கோண வடிவம், சுமார் 122 அடி உயரம். நம் சாமளாபுரம் குளக்கரையில் நின்று பழகிய கண்ணுக்கு, தண்ணீருக்கு நடுவே அப்படி ஒரு கல் கட்டடம் எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய அந்தக் கட்டடம், 1545 ஆகஸ்டில், அவர் இறந்து மூன்றே மாதத்தில் நிறைவுற்றது. வேலை தெரிந்தவர்கள் களத்தில் இருந்தார்கள். திட்டமும் அவர்கள் கையில் இருந்தது. அதனால் எசமானர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. சராய்களும் அப்படித்தான். மகன் இஸ்லாம் ஷா, இருந்த சராய்களுக்கு இடையில் இன்னும் கட்டினார். தோடர்மால் பிற்காலத்தில் அக்பரின் நிதித்துறையில் பெரிய பொறுப்புக்கு வந்து, நில அளவை முறையை இன்னும் விரிவாக்கினார். சூர் வம்சம் சீக்கிரமே மறைந்தது. 1555இல் ஹுமாயூன் திரும்பி வந்து டெல்லியைப் பிடித்தார். ஆனால் ரூபாயும் சாலையும் நில அளவையும் மறையவில்லை.

இன்னொரு பட்டியலும் உண்டு. அதைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். தம் கடைசிக் காலத்தில், நிறைவேறாமல் போன சில ஆசைகளை நினைத்து ஷேர்ஷா வருந்தினார் என்று ஆப்கானிய வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஆப்கானிய மலைமக்களை லாகூருக்கும் சிந்துவுக்கும் இடையில் குடியேற்றி முகலாயரைத் தடுக்க நினைத்தது ஒன்று. படையெடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படாதபடி லாகூரையே அழித்துவிட நினைத்தது மற்றொன்று. இவை நிறைவேறாமல் போனது நல்லதுதான்.

மற்ற இரண்டும் வேறு வகை. பானிபட்டில் கொல்லப்பட்ட சுல்தான் இப்ராஹீம் லோடிக்கு ஒரு நல்ல அடக்கத்தலம் கட்ட விரும்பினார். மக்காவுக்குப் போகிற ஹாஜிகள் பெருங்காற்றுக்கு அஞ்சாமல் போய்வர, உறுதியான பெரிய கப்பல்கள் கட்ட விரும்பினார்.

தரைவழிப் பயணிகளுக்கு 1,700 சராய்கள் கட்டியவர், கடல்வழி ஹாஜிகளுக்கு ஒரு கப்பலைக்கூடக் கட்டாமல் போனார். பணம் இருந்தது. அதிகாரம் இருந்தது. வேலை வாங்கத் தெரிந்திருந்தது. தொடங்கிய வேலைகள் எல்லாம் அவர் இறந்த பிறகும் எப்படியோ முடிந்தன. தொடங்காமல் மனதில் வைத்திருந்த வேலையை முடித்து வைக்க யாராலும் முடியவில்லை.

நம் வீட்டுக் கப்பல்

இதைப் படிக்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எட்டுத் தறி ஓட்டியவர். கூலிக்கு நெய்த துணியை ஒருநாளும் தேதி தவறிக் கொடுத்ததில்லை என்று ஊரே சொல்லும். ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் நிய்யத். தறிக் கடன் முடியட்டும் என்றார். முடிந்தது. மகள் நிக்காஹ் ஆகட்டும் என்றார். ஆனது. வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிடுவோம் என்றார். அதுவும் போட்டாயிற்று. ஒரு ரமலான் மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம்கூடக் கொடுத்திருக்கவில்லை. பிறகு நாங்கள் அவருக்காகப் பதல் ஹஜ் செய்ய ஏற்பாடு செய்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனாலும் விண்ணப்பம் என்ற அந்த முதல் காகிதத்தையாவது நாங்களாவது கொடுத்திருக்கலாமே என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது. அடுத்தவருடைய தேதிகளை எல்லாம் காப்பாற்றியவரின் சொந்தத் தேதியை வீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை.

ஆகவே ஷேர்ஷாவின் ஐந்து ஆண்டுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை மிக எளியவை. பஜ்ருக்குப் பின் தூங்காமல் அரைமணி நேரம் அன்றைய வேலையையும் கணக்கையும் எழுதிப் பார்க்கலாம். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவர்களுக்குக் காலையிலேயே சொல்லிவிட்டால், பகலில் பத்து போன் குறையும். வேலையின் அளவை ஒருமுறை தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நம்பி ஒப்படைக்கலாம். முடியாத தேதிக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஒத்துக்கொண்ட பின் தரத்தையும் வாக்கையும் பலி கொடுத்து முடிக்காமல் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, மனதில் மட்டுமே இருக்கும் ஒரு நல்ல காரியத்தை இந்த வாரமே தொடங்கிவிட வேண்டும். பெற்றோரின் ஹஜ் விண்ணப்பமாக இருக்கலாம். பிரிக்காமல் கிடக்கும் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதாக இருக்கலாம். பேசாமல் இருக்கும் சகோதரர் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருக்கலாம். தொடங்கி வைத்தால், நாம் போன பிறகும் அதை முடிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

நம்மில் யாருக்கு இது காலை, யாருக்கு மஃரிப் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இருக்கும் வெளிச்சத்தில் வேலையை முடிக்கும் பாக்கியத்தை அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.